சாவைக் கணித்தலும் சாவுக்குப் பதிலிறுத்தலும்: சதையிச் சத்திரசிகிச்சையின் இடர்மதிப்பீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மயக்கமருந்து, கிருமிநீக்கம், குருதியேற்றம், நுண்ணுயிர்க்கொல்லி என்ற வரிசையிற் பெருமனிதர் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றி மறைவர். இவ்வகை வரலாறு முற்றிலும் பொய் என்று கூறுதற்கில்லை. ஆயின் அது ஒரு முக்கியமான வினாவைத் தவிர்த்து விடுகின்றது. மருத்துவம் தனது தோல்விகளை எவ்வாறு எண்ணியது, எவர் பொருட்டு எண்ணியது, அவ்வெண்ணிக்கை எவரது கையில் எத்தகைய கருவியாயிற்று என்பதே அவ்வினா.

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் இவ்விடயத்திற் புகுவது பொருந்துமா என ஒருவர் கேட்கலாம். நோயாளியின் குறிப்பேடு, மரண அட்டவணை, இடர்ப்புள்ளி ஆகியனவும் பனுவல்களே. அவற்றை எழுதியவர் யார், எவரை நோக்கி எழுதினார், எதனைக் கூறி எதனைக் கூறாது விட்டார் என்ற வினாக்கள் காவியத்துக்கு எத்துணை பொருந்துமோ அட்டவணைக்கும் அத்துணை பொருந்தும். எண்களின் வடிவில் அமைந்த பனுவல் தன்னை ஆக்கியவனை மறைத்து, இயற்கையே பேசுவது போன்ற தோற்றத்தைத் தருவதனால், அதனை வாசிப்பதற்குக் கூடுதலான விழிப்பு வேண்டும்.

இக்கட்டுரை சதையிச் சத்திரசிகிச்சையை மையமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய முனைகின்றது. கணையம் எனவும் வழங்கும் சதையி, இரைப்பைக்குப் பின்னால் முள்ளந்தண்டின் குறுக்கே கிடப்பது. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைத்து நிற்கும். பித்தக்கான் அதனூடாகச் செல்லும். பெருங்குருதிக் குழாய்கள் அதனை ஒட்டி ஓடும். உணவைச் செரிக்கச் செய்யும் சாற்றைச் சுரப்பது அதன் தொழில். அச்சாறு தனக்குரிய கானை விட்டு வயிற்றறைக்குட் கசியுமாயின், உணவைச் செரிப்பது போலவே உடலையும் செரிக்கத் தொடங்கும்; குருதிக் குழாயின் சுவரையும் அரிக்கும். சதையியின் ஒரு பகுதியை வெட்டி எஞ்சியதைக் குடலோடு பொருத்தித் தைக்கும் மருத்துவர் எவரும் அஞ்சுவது இக்கசிவையே. ஆகவேதான் சிக்கல்களை முன்கூட்டியே கணிக்கும் முயற்சி ஏனைய துறைகளைக் காட்டிலும் இத்துறையிற் கூர்மையாக வெளிப்பட்டது எனலாம்.

2

சத்திரசிகிச்சையின் பின் நேரும் சாவை எண்ணிப் பார்த்தல் கைத்தொழிற் புரட்சியின் விளைவான பெருநகர் மருத்துவமனையோடு இணைந்து எழுந்த ஒன்றாகும். வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற வசதியற்ற தொழிலாளர் ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கிற் கிடத்தப்பட்ட போதுதான், சாவு தனிமனித விதி என்ற நிலை நீங்கி ஒரு விகிதமாகக் காட்சியளித்தது. 1845இல் எங்கெல்சு இங்கிலாந்தின் தொழிலாள வர்க்க நிலைமை பற்றி எழுதியபோது அரசாங்கத்தின் மரணப் பதிவுகளையே அச்சமுதாய அமைப்புக்கு எதிரான சான்றாகக் கொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கிரிமியப் போரின்போது 1854 முதல் 1856 வரை ஸ்கூட்டாரியிற் பணியாற்றிய புளோரன்ஸ் நைற்றிங்கேல், தமது மருத்துவமனைகள் பற்றிய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அட்டவணையை வெளியிட்டார். லண்டன் மருத்துவமனைகள் 24இல் ஓராண்டில் நிகழ்ந்த மரணங்கள் 3,828; 1861 ஏப்ரல் 8ஆம் நாள் அவற்றிலே தங்கியிருந்தோர் 4,214. முன்னதைப் பின்னதால் வகுத்து 90.84 சதவீதம் என்ற பயங்கரமான வீதம் பெறப்பட்டது. வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிபரவியலாளர் இக்கணக்குக்குப் பின்னின்றவர். ஓராண்டின் சாவை ஒரு நாளின் இருப்பால் வகுத்தல் தகுமா என மருத்துவர் வெகுண்டெழுந்தனர். அவர்களது கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆண்டு முழுவதும் வந்துபோனோர் தொகையால் வகுத்திருப்பின் வீதம் பெரிதும் தாழ்ந்திருக்கும். எனினும் அக்கணக்கு எழுப்பிய வினா நிலைத்தது. கட்டடமும் காற்றோட்டமும் நெரிசலும் பராமரிப்பும் மனிதனைக் கொல்லுமா என்பதே அது.

1869இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் யங் சிம்சன் இதே வினாவை வேறொரு முறையில் எழுப்பினார். நாட்டுப்புற மருத்துவர்களிடம் எழுதிக் கேட்டு, அவர்கள் செய்த அவயவ நீக்கங்களின் விபரத்தைத் திரட்டினார். நாட்டுப்புறத்தில் 2,098 பேரில் 226 பேர் இறந்தனர். பெரிய மருத்துவமனைகளில் 2,089 பேரில் 855 பேர் இறந்தனர். அதாவது குடிசையிற் கிடந்தவனுக்கு ஏறத்தாழ 11 சதவீதமாயிருந்த சாவு, மருத்துவமனையை அடைந்தவனுக்கு 41 சதவீதமாயிற்று. இதற்கு மறுப்புரைத்தோர், இரு சாராரும் ஒத்த நோயாளர் அல்லர் என்றனர். நகர மருத்துவமனைக்கு வருபவன் நலிந்தவன், மோசமாகக் காயமுற்றவன் என வாதிட்டனர்.

இம்மறுப்பு வரலாற்று முக்கியத்துவம் உடையது. ஒத்தவற்றோடு ஒத்தவற்றையே ஒப்பிடல் வேண்டும் என்னும் அறிவியற் கோரிக்கை அதில் உண்டு. அதே வேளையில், சாவுக்கான காரணத்தை நிறுவனத்திலிருந்து நோயாளியின் உடலுக்கு நகர்த்திப் பொறுப்பினின்றும் விடுபடும் வழியும் அதிலேயே உண்டு. பின்வந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு முழுவதிலும் இவ்விரு கூறுகளும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பதனைக் காணலாம்.

3

இப்பின்னலை மிகத் தெளிவாகக் கண்டவர் பொஸ்ரன் நகரத்துச் சத்திரசிகிச்சையாளர் ஏர்னஸ்ற் அமரி கொட்மன் ஆவார். சிகிச்சை பெற்ற ஒவ்வொரு நோயாளியையும் போதிய காலம் பின்தொடர்ந்து, சிகிச்சை பயன் தந்ததா என அறிதல் வேண்டும். தராவிடின் ஏன் தரவில்லை என வினவல் வேண்டும். விடையைப் பகிரங்கமாக வெளியிடல் வேண்டும் என்பது அவரது கோட்பாடு. இதனை அவர் இறுதிப் பெறுபேறு என அழைத்தார். கேட்பதற்கு மிக எளிய இக்கோரிக்கை அவரது வாழ்வையே குலைத்தது.

மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனையிற் பதவியுயர்வு திறமையால் அன்றிச் சேவைமூப்பால் வழங்கப்பட்டமையை எதிர்த்து 1914இல் அவர் பதவி விலகினார். 1915 ஜனவரியில் மருத்துவர் கூட்டமொன்றில் ஒரு கேலிச்சித்திரத்தைத் திரைநீக்கஞ் செய்தார். நகரின் செல்வர் வாழும் பகுதி ஒரு தீக்கோழியாக மணலில் தலையைப் புதைத்து நிற்கிறது. அது பின்புறமாக உதைத்துத் தள்ளும் பொன் முட்டைகளை மருத்துவப் பேராசிரியர்கள் பொறுக்கிக் கொள்கின்றனர். சிகிச்சையின் உண்மைப் பெறுபேறு தெரியவந்தால் முட்டைகள் தொடர்ந்து கிடைக்குமா என்ற ஐயம் சித்திரத்தின் உட்பொருள். மருத்துவ அறிவின் மறைப்புக்கும் மருத்துவச் சந்தையின் இலாபத்துக்கும் இடையிலான உறவை இதனிலும் நேராக எடுத்துரைத்தல் அரிது. விளைவாகக் கூட்டத் தலைமையையும் பல்கலைக்கழகப் பதவியையும் அவர் இழந்தார்.

தமது சொந்த மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்று வெளியேறிய 337 நோயாளர் பற்றிய அறிக்கையை 1918இல் அவர் வெளியிட்டார். அதில் 123 தவறுகள் வகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தன. அறிவுக் குறைவால் நேர்ந்தவை, முடிவெடுத்தலிற் பிழைத்தவை, கவனிப்பும் உபகரணமும் போதாமையால் நேர்ந்தவை, நோயின் தன்மையால் தவிர்க்க முடியாதவை எனப் பாகுபாடு செய்யப்பட்டிருந்தமை கவனிப்புக்குரியது. நோயின் பங்கையும் மருத்துவரின் பங்கையும் நிறுவனத்தின் பங்கையும் ஒன்றோடொன்று குழப்பாது பிரித்தறிய முயன்ற பனுவல் அது.

அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைப் பரிசோதித்தபோது 89 மாத்திரமே அடிப்படைத் தகைமை பெற்றிருந்தன. 1919இல் தொகை மாத்திரம் அறிவிக்கப்பட்டது. மருத்துவமனைகளின் பெயர்ப்பட்டியல் பத்திரிகையாளர் கைக்கு எட்டாதிருக்கும் பொருட்டு நியூயோர்க் விடுதி ஒன்றில் எரிக்கப்பட்டது என அக்கல்லூரியின் வரலாறே கூறுகின்றது. கொட்மன் 1940இல் இறந்தார். அவரது கல்லறையில் பெயர்க்கல் நாட்டப்பட்டது 2014இலேயே.

4

கொட்மனின் காலமே சதையிச் சத்திரசிகிச்சையின் தொடக்க காலமுமாகும். 1898இல் இத்தாலியில் அலெசாந்திரோ கொடிவில்லா சதையியின் தலையையும் முன்சிறுகுடலின் பகுதியையும் அகற்றினார், நோயாளி பிழைக்கவில்லை. 1909இல் பேர்லினில் வால்ரர் கௌஷ் இரு கட்டங்களாக இதனைச் செய்து முடித்து, 1912இல் வெளியிட்டார். அந்நோயாளி சில மாதங்கள் உயிர்வாழ்ந்தார். 1935இல் நியூயோர்க்கில் அலன் விப்பிளும் அவர்தம் சகாக்களும் மூன்று நோயாளர் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இச்சிகிச்சை பரவலாயிற்று. இன்றும் அது விப்பிளின் பெயராலேயே வழங்குகின்றது.

ஒருவர் பெயரால் வழங்கினும் இச்சாதனை ஒருவருடையதன்று. சதையித் தலையிற் புற்றுநோய் கண்டவர் பித்தக்கான் அடைபட்டுச் செங்கண்மாரியோடு வருவர். அவர்களது குருதி உறையாது. டென்மார்க்கில் ஹென்றிக் டாம் கண்டறிந்த விற்றமின் கே இத்தடையை நீக்கிற்று. அதற்காக அவரும் எட்வேட் டொய்சியும் 1943ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றனர். குருதி வங்கியும் மயக்கமருந்து இயலும் துணைநின்றன. 1940 அளவில் இரு கட்டச் சிகிச்சை ஒரே கட்டமாயிற்று. எனினும் சாவு குறையவில்லை. 1960களிலும் 1970களிலும் இச்சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் மருத்துவமனையிலேயே இறந்தனர். 1970இல் ஜோர்ஜ் கிறைல், சதையிப் புற்றுநோய்க்கு இப்பெருஞ் சத்திரசிகிச்சையை விடுத்துப் பித்தத்துக்கு மாற்றுவழி அமைப்பதே மேல் என வாதிட்டமை இந்நிலைமையின் வெளிப்பாடே.

சிகிச்சைக்கு முன்னரே இடரை அளக்கும் முயற்சியும் இக்காலத்திலேயே முறைமைப்பட்டது. 1941இல் அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் மூவர், மேயர் சக்லாட் என்பாரின் தலைமையில், நோயாளரைத் தரப்படுத்தும் முறையொன்றை வகுத்தனர். அவர்கள் வெளிப்படையாகவே ஓர் எல்லையை வகுத்துக் கொண்டமை இன்று பெரிதும் மறக்கப்பட்டுள்ளது. சத்திரசிகிச்சையின் இடர் நோயாளியின் உடல்நிலையை மாத்திரமன்றிச் சிகிச்சையின் தன்மை, சத்திரசிகிச்சையாளரின் திறன், பின்வரும் பராமரிப்பு, மயக்கமருந்து கொடுப்பவரின் அனுபவம் ஆகியவற்றையும் பொறுத்தது. ஆதலால் இடரைத் தரப்படுத்தல் இயலாது, உடல்நிலையை மாத்திரமே தரப்படுத்தலாம் என அவர்கள் கருதினர். ஆயின் அவர்கள் வகுத்த தரமே பின்னர் உலகெங்கும் இடரின் அளவையாக எடுத்தாளப்பட்டது. உடல்நிலை என்பது இடர் என்பதன் இடத்தைப் பிடித்துக் கொண்டது. சக்லாட் குறிப்பிட்ட ஏனைய காரணிகள், அதாவது உழைப்பும் திறனும் நிறுவனமும், பார்வையினின்றும் அகன்றன.

மார்க்சு 1867இல் வெளியிட்ட மூலதனத்தின் முதற்பாகத்திற் பண்டத்தின் மாயை பற்றிக் கூறுவது இவ்விடத்திற் பொருத்தமுடையது. மனிதரிடையேயுள்ள சமூக உறவு, பொருளொன்றின் இயற்கைப் பண்பு போல் தோற்றுதலே அம்மாயை. சிகிச்சை என்பது நோயாளி, மருத்துவர், தாதி, நிறுவனம் ஆகியோரிடை நிகழும் ஓர் உறவு. அவ்வுறவில் விளையும் ஆபத்து நோயாளியின் உடலிலேயே உறையும் ஒரு குணமாகத் தோன்றும்போது அம்மாயையின் பிறிதொரு வடிவத்தைக் காண்கின்றோம்.

5

1970களின் பின் இடர்ப்புள்ளிகள் பெருகின. 1974இல் ஜோன் ரான்சன் சதையி அழற்சியின் கடுமையைக் கணிக்கப் பதினொரு குறிகளை வகுத்தார். 1977இல் லீ கோல்ட்மன் 1,001 நோயாளரை ஆராய்ந்து சத்திரசிகிச்சையின் இதய இடரைப் புள்ளியிட்டார். 1991இல் இங்கிலாந்திலே கோப்லண்ட் குழுவினர் உடலியற் காரணிகள் பன்னிரண்டையும் சத்திரசிகிச்சைக் காரணிகள் ஆறையும் இணைத்தனர். இவை யாவும் நோயாளரின் நன்மை கருதி எழுந்தவையே. ஆயினும் அவற்றின் பயன்பாட்டை நிர்ணயித்தவை பெரிதும் அரசும் சந்தையும் ஆகும்.

அமெரிக்கக் காங்கிரஸ் 1985இல் இயற்றிய சட்டமொன்று, முன்னாட் படைவீரர் மருத்துவமனைகளின் சத்திரசிகிச்சைப் பெறுபேறுகளை நாட்டின் பொதுநிலையோடு ஒப்பிட்டு அறிவிக்கும்படி பணித்தது. நோயாளரின் இடருக்கு ஏற்பத் திருத்திய தேசிய அளவு அப்போது இருக்கவில்லை. எனவே 1991இல் 44 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. எதிர்பார்க்கப்பட்ட சாவு எத்தனை, நிகழ்ந்த சாவு எத்தனை என்னும் விகிதமே அதன் அளவுகோல். சிம்சனுக்குக் கூறப்பட்ட மறுப்புக்கு இது தக்க விடையாய் அமைந்தது. அரசுடைமையான, இலாபம் நோக்காத மருத்துவமனை வலையமைப்பொன்றிலேயே இவ்விடை முதலிற் சாத்தியமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

சந்தையில் நிகழ்ந்தது வேறு. நியூயோர்க், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களில் இதய அறுவைச் சிகிச்சையாளரின் மரண வீதங்கள் பகிரங்கமாக்கப்பட்டன. கொட்மனின் கனவு நனவானது போலத் தோன்றியது. ஆனால் 1996இல் பென்சில்வேனியா மருத்துவரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றில், கடும் நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்ய இசைவோரைக் கண்டுபிடித்தல் அரிதாகிவிட்டது என இதயநோய் மருத்துவரில் 59 சதவீதத்தினர் கூறினர்; அத்தகையோருக்குச் சிகிச்சை செய்யும் விருப்பம் தமக்குக் குறைந்துள்ளது எனச் சத்திரசிகிச்சையாளரில் 63 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டனர். போட்டியை அடிப்படையாகக் கொண்ட அமைப்பில், வீதத்தைத் தாழ்த்துவதற்கு இரு வழிகள் உண்டு: சிகிச்சையைத் திருத்துதல் ஒன்று, நோயாளியைத் தவிர்த்தல் மற்றொன்று. இரண்டாவதே மலிவானது.

இக்குறைபாட்டைக் காட்டி எண்ணுதலையே கைவிடல் வேண்டும் என்பார் உளர். அது பிற்போக்கான முடிவு. மறைத்து வைத்தலால் நன்மை பெற்றோர் நோயாளர் அல்லர் என்பதை 1919இன் எரிந்த பட்டியல் உணர்த்தும்.

6

சதையியின் கசிவுக்கு மீள்வோம். கசிவின் இடரைக் கணிப்பதற்கு முன்னர், கசிவு யாது என்பதில் உடன்பாடு வேண்டும். 2004இல் இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த பாசி குழுவினர், மருத்துவ ஏடுகளிற் கசிவுக்கு 26 வரைவிலக்கணங்கள் வழங்குவதைக் கண்டனர். அவற்றுள் நான்கினைத் தெரிந்து தமது 242 நோயாளர்மீது பொருத்தியபோது, ஒரே நோயாளர் கூட்டத்திற் கசிவின் வீதம் ஏறத்தாழ 10 முதல் 28 சதவீதம் வரை வேறுபட்டது. நோயாளர் மாறவில்லை, கைகள் மாறவில்லை, சொல்லின் பொருளே மாறியது. ஒருவர் தமது சாதனையை உயர்த்திக் காட்டுதற்குத் தையல் திறனைக் காட்டிலும் வரைவிலக்கணத்தைத் தெரிவுசெய்யும் திறனே போதுமானதாயிருந்தது.

2005இற் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று இதற்கு முடிவுகட்டியது. மூன்றாம் நாளிலோ அதன் பின்னரோ வடிகுழாயில் வரும் நீரில் அமிலேசு குருதியின் இயல்பான உச்ச அளவைப் போல் மும்மடங்குக்கு மேற்படின் அது கசிவு எனக் கொள்ளப்பட்டது. கடுமைக்கேற்ப மூன்று தரங்களும் வகுக்கப்பட்டன. நோயாளியின் சிகிச்சைப் போக்கை மாற்றாத முதற்றரத்தைக் கசிவு நோயெனக் கொள்ளலாகாது என 2016இல் அக்குழு திருத்தியது. பொதுமொழி ஒன்று உருவாகிய பின்னரே பொதுக் கணிப்பும் இயல்வதாயிற்று.

2013இல் கலறி, வொல்மர் முதலியோர் வெளியிட்ட கசிவு இடர்ப்புள்ளி நான்கு கூறுகளைக் கொண்டது: சதையியின் மென்மை, நோயின் வகை, கானின் விட்டம், சிகிச்சையின்போது இழந்த குருதி. கூட்டுத்தொகை சுழியத்திலிருந்து பத்து வரை செல்லும். மென்மையான சதையிக்கு இரு புள்ளிகள். ஒரு மில்லிமீற்றர் அளவினதான கானுக்கு நான்கு புள்ளிகள். ஒரு லீற்றருக்கு மேற்பட்ட குருதி இழப்புக்கு மூன்று புள்ளிகள். ஏழும் அதற்கு மேலும் பெற்றோர் உயர் இடருடையோர் எனக் கொள்ளப்படுவர்.

இப்புள்ளியில் ஒரு முரண் பொதிந்துள்ளது. நீண்டகால அழற்சியாலும் புற்றுநோயாலும் இறுகிய சதையி தையலைத் தாங்கி நிற்கும். அடைப்பினால் விரிந்த கானைக் குடலோடு பொருத்துதல் எளிது. நலமான சதையியோ வெண்ணெய் போல் மெத்தென்றிருக்கும். ஊசி சென்ற வழியே கிழியும். செழிப்பாகச் சுரந்து கசியும். நோயுற்ற உறுப்பு பாதுகாப்பானது, நலமான உறுப்பு ஆபத்தானது. இதில் வர்க்கமோ சந்தையோ இல்லை. இது இயற்கையின் உண்மை. சமூக நோக்கு என்பது இயற்கையை மறுப்பதன்று. இயற்கையின் எல்லை எதுவரை, சமூகத்தின் எல்லை எங்கிருந்து என வரையறுப்பதே அதன் பணி.

2019இல் ஐரோப்பிய ஆய்வாளர் இப்புள்ளியை எளிமைப்படுத்தினர். சதையியின் மென்மை, கானின் விட்டம், நோயாளியின் உடற்பருமன் என்ற மூன்றே எஞ்சின. குருதி இழப்பு நீக்கப்பட்டமைக்குப் புள்ளிவிபரவியல் நியாயம் உண்டு. எனினும் பனுவலை வாசிப்போர் ஒன்றைக் கவனியாதிருக்க முடியாது. முன்னைய நான்கனுள் சத்திரசிகிச்சையாளரின் கையோடு தொடர்புடையதாயிருந்தது குருதி இழப்பு ஒன்றே. அது அகன்றபின் இடர் முழுவதும் நோயாளியின் உடலின் பண்பாயிற்று.

7

அவ்வாறாயின் சாவும் உடலின் பண்புதானா? இவ்வினாவுக்கு இரு ஆய்வுகள் விடை தருகின்றன.

2002இல் பேர்க்மேயர் குழுவினர் அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தனர். ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவாகச் சதையிச் சத்திரசிகிச்சை செய்யும் மருத்துவமனைகளில் மரண வீதம் 16.3, பதினாறுக்கு மேற் செய்யும் மருத்துவமனைகளில் 3.8. நோயாளரின் வயதும் ஏனைய நோய்களும் கணக்கில் எடுக்கப்பட்ட பின்னரும் இவ்வேறுபாடு நிலைத்தது. ஒரே சதையி, ஒரே நோய். சென்றடையும் வாசல் மாத்திரம் வேறு. அவ்வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததா எனின், 2006இல் கலிபோர்னியா மாநிலம் பற்றி வெளிவந்த ஆய்வு இல்லை என்கிறது. கறுப்பின மக்களும் இஸ்பானிய வழியினரும் காப்புறுதியற்றோரும் அனுபவமிக்க மருத்துவமனைகளை அடைவது குறைவாகவே இருந்தது.

2009இல் வெளியான மற்றைய ஆய்வு இன்னும் ஆழமானது. கஃபேரி குழுவினர் பொதுச் சத்திரசிகிச்சையும் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சையும் பெற்ற 84,730 பேரை ஆராய்ந்து, மருத்துவமனைகளை மரண வீதத்தின்படி ஐந்து பிரிவுகளாக வகுத்தனர். சாவு மிகக் குறைந்த பிரிவில் வீதம் 3.5, மிகக் கூடிய பிரிவில் 6.9. ஆனாற் சிக்கல்களின் வீதமோ முன்னதில் 24.6, பின்னதில் 26.9, ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது சிக்கலுக்குப் பின் நடந்தது. பெருஞ் சிக்கலுக்கு உள்ளானோரில் முன்னையவற்றில் 12.5 சதவீதத்தினரும் பின்னையவற்றில் 21.4 சதவீதத்தினரும் மாண்டனர்.

இவ்விரு ஆய்வுகளையும் இணைத்து நோக்குமிடத்துப் பின்வரும் முடிவுக்கு வரலாம். சிக்கல் தோன்றுவதிற் பெரும்பங்கு உடலுக்குரியது. சிக்கல் சாவாக முடிவதிற் பெரும்பங்கு பராமரிப்பின் அமைப்புக்குரியது. இரவில் காய்ச்சலைக் கவனிக்கும் தாதி, வயிற்றறையைப் படம்பிடிக்கும் கருவி, கசிவை வடித்தெடுக்கும் கதிரியல் நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவிலொரு படுக்கை, எச்சரிக்கும் இளநிலை மருத்துவரின் சொல்லுக்குச் செவிமடுக்கும் மூத்தவர் ஆகியன எவ்வுடலிலும் இல்லை. அவை சமூக உழைப்பின் ஒழுங்கமைப்பிலே உள்ளன.

இதற்குச் செயல்முறைச் சான்றும் கிடைத்துள்ளது. நெதர்லாந்திற் சதையிச் சத்திரசிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் 2011 முதல் ஆண்டுக்குக் குறைந்தது இருபது சிகிச்சைகள் செய்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பின்னர் 2018இலும் 2019இலும் நாடு முழுவதுமுள்ள பதினேழு நிலையங்களிலும் ஒரு பரிசோதனை நடைபெற்றது. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரே ஒழுங்கின்படி மதிப்பிடப்பட்டனர். எப்போது சீ.ரி. படம் எடுப்பது, எப்போது வடிகுழாய் இடுவது, எப்போது நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குவது என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. 2022இல் வெளியான பெறுபேற்றின்படி, கடும் குருதிப்பெருக்கு, உறுப்புச் செயலிழப்பு, சாவு என்பவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் 14 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயினர். தொண்ணூறு நாட்களுள் இறந்தோர் 5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாயினர். புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை, சதையியும் முன்போல மெத்தென்றே இருந்தது. மாறியது கவனிப்பின் ஒழுங்கு ஒன்றே.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இடரைக் கணித்தல் வரலாற்றில் மூவகைப் பயன் பெற்றதை உணரலாம். நைற்றிங்கேல், சிம்சன், கொட்மன் ஆகியோரிடத்து அது நிறுவனத்தை நோக்கிய வினாவாக இருந்தது. சந்தைப் போட்டியின்கீழ் அது நோயாளரைத் தெரிந்தெடுக்கும் சல்லடையாயிற்று. நெதர்லாந்துப் பரிசோதனை போன்றவற்றில் அது காப்பாற்றும் ஒழுங்கின் முதற்படியாயிற்று. எண் ஒன்றே, அது யாரை நோக்கித் திரும்பியுள்ளது என்பதே வேறு.

இன்று இக்கணிப்புப் பணி கணினிகளிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றது. 2019இல் ஒபர்மையர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதன் ஆபத்தை உணர்த்தும். அமெரிக்காவிற் கூடுதற் பராமரிப்புத் தேவைப்படுவோரைத் தெரிந்தெடுக்கப் பரவலாகப் பயன்பட்ட கணிப்புமுறை ஒன்று, நோயின் அளவுக்குப் பதிலாகச் செலவின் அளவைக் கணித்தது. வறியவருக்குச் செலவிடப்படுவது குறைவு; ஆதலால் அவரது நோயும் குறைவு என அது கொண்டது. அக்குறையைத் திருத்தினால் உதவிக்குத் தெரிவாவோரிற் கறுப்பின மக்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என ஆய்வாளர் கணித்தனர். தேவையின் இடத்திற் பணம் அமர்ந்து கொண்டதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

எண்கள் வர்க்கச் சார்பற்றவை என்பது தவறு. எண்கள் யாவும் ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சி என்பதும் அதே அளவு தவறு. முன்னைய தவறு மருத்துவ நிர்வாகியினுடையது. பின்னையது எம்மிடையே சிலருடையது. கசியும் சதையிக்கு முன் கோட்பாட்டு வீறாப்புப் பயன்படாது. கானின் விட்டத்தை அளந்தறிதல் வேண்டும்; அளந்தபின் அவ்வளவு எதற்குப் பயன்படுகிறது எனக் கேட்டலும் வேண்டும். நோயாளி ஒருவரிடம் அவரது இடர் இத்தனை சதவீதம் எனக் கூறப்படும்போது, அதனைக் கூறுபவர் தமது மருத்துவமனையின் இடரையும், அங்கு ஆண்டுக்கு எத்தனை பேர் இச்சிகிச்சை பெறுகின்றனர், சிக்கலுற்றோரில் எத்தனை பேர் மீள்கின்றனர் என்பதனையும் உடன் கூறுதல் கடமையாகும். நோயாளியின் உடலை மாத்திரம் கணித்துத் தன்னைக் கணியாது விடும் மருத்துவமனை பாதிக்கணக்கையே எழுதுகின்றது. மறுபாதியை எழுதுமாறு கொட்மன் கேட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அக்கோரிக்கையை மருத்துவருக்குள்ளேயே விட்டுவிடாது நோயாளரும் மருத்துவமனைத் தொழிலாளரும் தமதாக்கிக் கொள்ளும்போதே அது நிறைவேறும்.